முந்நூறுக்கு எத்தனை?

பொறியியல் கலந்தாய்வுக்குப் போகிற பிள்ளையிடம் கட்-ஆஃப் என்னவென்று கேட்டால் இன்று இருநூறுக்குச் சொல்லும். 2006 வரை அந்தக் கணக்கு முந்நூறுக்கு. பிளஸ் டூ கணித மதிப்பெண்ணை நூறுக்குச் சுருக்கி, இயற்பியலையும் வேதியியலையும் தலா ஐம்பதுக்குச் சுருக்கினால் அது 200. மீதி 100 நுழைவுத் தேர்விலிருந்து. மருத்துவத்துக்குக் கணிதத்தின் இடத்தில் உயிரியல். அரசுத் தாள்களில் அந்த நுழைவுத் தேர்வுக்கு நீளமான பெயர் உண்டு. எங்கள் வாயில் அது வெறும் ‘என்ட்ரன்ஸ்’. 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது, 2007இல் கருணாநிதி ஆட்சியில் சட்டம் போட்டு நீக்கப்பட்டது. தொண்ணூறுகளில் அதை எழுதித் தேறி வந்தவர்களில் நானும் ஒருவன்.

மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வு பற்றிச் சண்டை வரும்போதெல்லாம் இந்தப் பழைய தேர்வையும் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார்கள். ‘அப்போது மட்டும் என்ட்ரன்ஸ் இல்லையா, கிராமத்துப் பிள்ளைகள் எழுதவில்லையா’ என்கிறது ஒரு தரப்பு. ‘அது அநீதி என்றுதானே ஒழித்தோம்’ என்கிறது இன்னொரு தரப்பு. அந்தத் தேர்வை எப்படிக் கணக்கில் சேர்த்தார்கள் என்பதை இருவருமே பேசுவதில்லை. என்னைக் கேட்டால், ஒரு நுழைவுத் தேர்வின் குணத்தை அதன் வினாத்தாள் கால்வாசிதான் தீர்மானிக்கிறது. அதற்கு எவ்வளவு எடை, எப்போது நடக்கிறது, எத்தனை தடவை எழுதலாம் என்ற மூன்றும்தான் மீதியைத் தீர்மானிக்கின்றன.

முதலில் அதன் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். 1984க்கு முந்தைய மருத்துவச் சேர்க்கையில் நேர்முகத் தேர்வு பெரிய வாசல். ஒரு கட்டத்தில் நேர்முகத்துக்கு மட்டும் 75 மதிப்பெண் வைத்திருந்தார்கள். விவகாரம் 1970இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. பாடத்தில் பின்தங்கிய சிலர் நேர்முகத்தில் தாராளமாக வாங்கி முன்னேறியிருந்ததை நீதிமன்றமே கவனித்தது. யார் வீட்டுப் பிள்ளை, யார் கடிதத்தோடு வந்திருக்கிறது என்பதெல்லாம் அந்த அறைக்குள் எப்படி மதிப்பெண்ணாக மாறும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விடைத்தாளில் வட்டத்தைக் கருப்படித்து, அதைக் கணினி திருத்தி, ஒரு எண்ணைக் கையில் கொடுத்தது அந்த அறையைப் பூட்டிவிட்டது. சிபாரிசுக்கு ஆள் இல்லாத வீடுகளில் என்ட்ரன்ஸுக்கு ஒரு மரியாதை இருந்ததென்றால் அதற்குக் காரணம் இதுதான். 1997இல் அண்ணா பல்கலைக்கழகம் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வைத் தொடங்கியபோது அந்த மரியாதை இன்னும் கூடியது. ரேங்க் வரிசைப்படி கூப்பிட்டார்கள். திரையில் காலியிடம் தெரிந்தது, பிடித்ததைச் சொல்லிவிட்டு வர முடிந்தது.

இன்னொரு நன்மையும் உண்டு, அதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்தும் கேள்வி வரும் என்ற பயத்தால் அந்த வகுப்பு உயிரோடு இருந்தது. மாநிலப் பாடத்திட்டம், சி.பி.எஸ்.இ. என்று வெவ்வேறு இடங்களிலிருந்து வருகிறவர்களை ஒரே தாளில் உட்காரவைத்து ஒப்பிடவும் அது உதவியது. தேர்வை நீக்கிய சட்டம் இதற்கு மாற்றாக ஒரு சூத்திரம் வைத்தது: ஒவ்வொரு வாரியத்திலும் முதலிடம் பெற்றவரின் மதிப்பெண்ணை மாநில வாரிய முதலிடத்துக்குச் சமமாக்கி, மற்றவர்களை அந்த விகிதத்தில் உயர்த்துவது. உச்சியைச் சமமாக்கினால் நடுவில் இருக்கிறவர்களும் சமமாகிவிடுவார்கள் என்று அது நம்பியது. சட்டத்துக்கு அது போதும், புள்ளியியலுக்குப் போதாது.

இனிக் குறைகள். வழக்கமாகச் சொல்லப்படுவது, வினாத்தாள் நகரத்துப் பிள்ளைகளுக்குச் சாதகம் என்பது. எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. பாடம் எங்கள் பாடப்புத்தகத்தை விட்டு வெகுதூரம் போனதில்லை. கோளாறு காலண்டரில் இருந்தது. பிளஸ் டூ பொதுத் தேர்வு மார்ச் கடைசியில் முடியும். என்ட்ரன்ஸ் அதற்குச் சில வாரங்கள் கழித்து. அந்த இடைவெளிதான் விற்பனைக்கு வந்தது. எங்கள் டெல்டா ஊரிலிருந்து வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாளே பெட்டியோடு சென்னைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறினார்கள். காலையிலிருந்து இரவு வரை கோச்சிங், நாளுக்கொரு மாதிரித் தேர்வு, ஜெராக்ஸ் எடுத்துத் தைத்த கேள்வித் தொகுப்புகள். ஊரில் தங்கியவர்களுக்கு அறுவடை, கடை, தம்பி தங்கைகள், கோடை மின்வெட்டு. அந்தத் தொகுப்புகளில் ஒன்று மூன்றாவது கைமாறி எங்களிடம் வந்தபோது, விடைகளுக்கு நேரே ஏற்கெனவே யாரோ டிக் அடித்திருந்தார்கள். அதைப் பார்க்காமல் போட்டுப் பழகுவதே தனிப் பயிற்சி.

இரண்டு வருடம் உழைத்துச் சேர்த்த அறிவை அந்தச் சில வாரங்கள் புரட்டிவிடுமா என்று கேட்கலாம். மூன்றில் ஒரு பங்குதானே! இங்கேதான் அந்த 300இன் சூட்சுமம். காகிதத்தில் இருந்த எடை வேறு, நடைமுறையில் இருந்த எடை வேறு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தாலுகா பள்ளி மாணவி ஒருத்தி பிளஸ் டூவில் 198, என்ட்ரன்ஸில் 62: மொத்தம் 260. நகரத்துப் பையன் பிளஸ் டூவில் 192, என்ட்ரன்ஸில் 80: மொத்தம் 272. பொதுத் தேர்வில் அவள் ஆறு மதிப்பெண் முன்னால் இருந்தாள், பட்டியலில் பன்னிரண்டு பின்னால் போய்விட்டாள். மேல்தட்டில் போட்டியிடுகிற எல்லாரும் பிளஸ் டூவில் 190க்கும் 200க்கும் நடுவே நெருங்கி நிற்கிறார்கள். என்ட்ரன்ஸிலோ 50க்கும் 95க்கும் நடுவே பரந்து கிடக்கிறார்கள். எது பரந்து கிடக்கிறதோ அதுதான் வரிசையைத் தீர்மானிக்கும், பெயரளவில் அதன் பங்கு எவ்வளவாக இருந்தாலும் சரி. கூட்டுவதற்கு முன்னால் இரண்டையும் ஒரே பரவலுக்குக் கொண்டுவந்திருந்தால் மூன்றில் ஒன்று உண்மையிலேயே மூன்றில் ஒன்றாக இருந்திருக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தில் இந்தக் கணக்குத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமா? ஆனாலும் இருபத்துச் சொச்சம் ஆண்டுகள் நேரடியாகவே கூட்டிவந்தார்கள்.

அந்தப் பரவல் எதை அளந்தது என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலும் வேகத்தை. நான்கு விடைகளில் இரண்டைப் பார்த்த மாத்திரத்தில் தள்ளுவது, முழுதாகப் போடாமல் அலகை வைத்தே விடையைக் கண்டுபிடிப்பது, தெரியாததில் நிற்காமல் நகர்வது. இவை உருப்படியான திறமைகள்தாம், பழகினால் எவருக்கும் வரும். பழக்குவதற்கு ஆள் வேண்டும் என்பதுதான் சிக்கல்.

நீக்கிய கதை ஒரே நாளில் முடியவில்லை. 2005இல் ஜெயலலிதா அரசு நுழைவுத் தேர்வையும், மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள எழுதும் ‘இம்ப்ரூவ்மென்ட்’ தேர்வையும் சேர்த்தே ஒழிக்க ஆணை போட்டது. நுழைவுத் தேர்வை ஒழித்தது செல்லாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். 2006 தொடக்கத்தில் சட்டமாகக் கொண்டுவந்தார்கள், அதுவும் நிற்கவில்லை. ஆட்சி மாறியதும் முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, அதன் பரிந்துரையோடு புதிய சட்டம் இயற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வாங்கினார்கள். 2007இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. எதிரெதிர்க் கட்சிகள் இரண்டும் ஒரே திசையில் இழுத்த அரிதான விஷயங்களில் இதுவும் ஒன்று.

ஒழித்ததால் கிராமத்துப் பிள்ளைகளுக்கு வாசல் அகலமானது என்பதை நான் ஏற்கிறேன். சென்னையில் போய்த் தங்க வேண்டிய அந்த வாரங்கள் இல்லாமல் போயின. ஆனால் பணம் சும்மா இருக்குமா? நாமக்கல்லுக்குப் போனது. பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம் என்றானதும், அதையே தொழிலாக உற்பத்தி செய்யும் விடுதிப் பள்ளிகள் அந்த வட்டாரத்தில் கொழித்தன. பதினோராம் வகுப்புப் புத்தகத்தைப் பேருக்குத் தொட்டுவிட்டுப் பன்னிரண்டாம் பாடத்தையே இரண்டு வருடம் உருப்போட வைத்தார்கள். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி என்ற புளூபிரிண்ட் கையில், புக் பேக் ஒன் வேர்ட் நுனி நாக்கில். சென்டம் வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் பெருகினார்கள். கட்-ஆஃப் பட்டியலின் மேற்பகுதியில் கால் மதிப்பெண்ணுக்கு ஒரு கூட்டமே நின்றது. சமமாக வந்தால் முதலில் கணிதம், பிறகு இயற்பியல், நான்காவது பாடம், பிறந்த தேதி என்று பார்த்து, அதிலும் தீராவிட்டால் கணினி போட்டுக்கொடுக்கும் ரேண்டம் எண். என்ட்ரன்ஸ் ஒருநாள் அதிர்ஷ்டம் என்று குறைசொல்லி நீக்கியவர்கள் கடைசியில் குலுக்கலுக்கு வந்து நின்றதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

செத்துப்போன பதினோராம் வகுப்பை எழுப்ப 2018இல் அதற்கும் பொதுத் தேர்வு வைத்தார்கள். 2025இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு அதையும் எடுத்துவிட்டார்கள். அந்த வகுப்பை இனி எது காப்பாற்றும் என்று எனக்குப் புரியவில்லை.

இவ்வளவையும் பேசும்போது பொறியியலையும் மருத்துவத்தையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தத் தேர்வும் அப்படித்தான் செய்தது. ஆனால் இரண்டின் நிலவரமும் என்றோ பிரிந்துவிட்டது. நுழைவுத் தேர்வு தொடங்கிய அதே காலகட்டத்தில்தான் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கும் எம்.ஜி.ஆர். அரசு கதவைத் திறந்தது. கல்லூரிகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. கலந்தாய்வு முடிந்த பிறகும் இடங்கள் காலியாகக் கிடக்கிற துறையில் வடிகட்டித் தேர்வு எதற்கு? கிண்டி, எம்.ஐ.டி., இன்னும் சில கல்லூரிகளின் சில பிரிவுகளுக்கு மட்டுமே அங்கே உண்மையான நெரிசல். ஆகவே பொறியியலில் என்ட்ரன்ஸை எடுத்தது பெரிய சாதனையும் இல்லை, பெரிய நட்டமும் இல்லை. மருத்துவத்தில் இடம் என்றும் பற்றாக்குறைதான். எந்த அளவுகோலை எடுத்தாலும் யாரையாவது வெளியே நிறுத்தித்தான் ஆக வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி ஏற்பாடு யோசித்திருக்க வேண்டிய காலம் 2007. இரண்டையும் ஒரே கையெழுத்தில் முடித்துவிட்டார்கள்.

அந்த இடத்துக்குத்தான் நீட் வந்தது. 2013இல் ஒருமுறை நடந்து, அதே ஆண்டு உச்ச நீதிமன்றத்தால் ரத்தாகி, 2016இல் அந்தத் தீர்ப்பே திரும்பப் பெறப்பட்டு, ஓராண்டு விலக்குக்குப் பிறகு 2017இல் தமிழ்நாட்டின் அரசு இடங்களுக்கும் கட்டாயமானது. பழைய என்ட்ரன்ஸோடு ஒப்பிட்டால் வித்தியாசம் எடையில் இருக்கிறது. இங்கே பிளஸ் டூவுக்குப் பங்கே இல்லை. தகுதிக்கு அதில் பொதுப் பிரிவுக்கு ஐம்பது விழுக்காடு, ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு நாற்பது. அதைத் தாண்டிவிட்டால் போதும், மேலே வாங்கிய ஒவ்வொரு மதிப்பெண்ணும் வீண். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தவர், நீட்டில் 720க்கு 86. 2017 செப்டம்பரில் அவர் உயிரிழந்த பிறகு, ‘பார், தேர்வு எவ்வளவு அநியாயம்’ என்று ஒரு தரப்பும், ‘பார், பிளஸ் டூ மதிப்பெண் எவ்வளவு பொய்’ என்று மறுதரப்பும் அதே எண்களைக் கையில் எடுத்தன. ஒன்று சொன்னதைத் திரும்பச் சொல்வதை அளக்கிறது, மற்றது வேறொரு பாடத்திட்டத்தில் பழகிய வேகத்தை அளக்கிறது. இரண்டில் எதை வைத்தும் ஒரு பதினேழு வயதுப் பெண் நல்ல டாக்டர் ஆவாளா என்று சொல்ல முடியாது.

எடையைவிடப் பெரிய மாற்றம் தடவைகளில் நடந்திருக்கிறது. எங்கள் காலத்தில் விலைக்கு வந்தது சில வாரங்கள். இப்போது விலைக்கு வருவது முழு வருடம், சில வீடுகளில் இரண்டு மூன்று வருடம். ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கைப்படி, மருத்துவத்தில் சேர்ந்தவர்களில் மறுமுறை எழுதி வந்தவர்கள் 2016-17இல் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் போல இருந்தார்கள். 2020-21இல் எழுபத்தொரு பேர். வயது உச்சவரம்பும் 2022இல் போய்விட்டது. 2005 ஆணை இம்ப்ரூவ்மென்டையும் சேர்த்துக் குறிவைத்தது ஏன் என்று அப்போது பலருக்கும் எரிச்சல். இன்று அந்த ஆணையில் உருப்படியான பாதி அதுதான் என்று தோன்றுகிறது.

தடவைக்கு வரம்பு போட்டால் ஏழைப் பிள்ளையின் இரண்டாவது வாய்ப்பும் போகுமே என்ற எதிர்வாதம் வலுவானது. அதனால் வரம்பைவிட, மறுமுறை எழுதுகிறவர்களைத் தனி வரிசையில் வைத்து இடத்தில் ஒரு பங்கை மட்டும் அவர்களுக்கு விடுவது மேல் என்பேன். 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இதே தர்க்கத்தில்தான் வேலை செய்கிறது: அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்குள் போட்டியிடுகிறார்கள். கைவிரலில் எண்ணும்படி இருந்தவர்கள் அந்த ஒரே ஆண்டில் எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம் இரண்டும் சேர்த்து ஏறத்தாழ நானூறு பேர் ஆனார்கள். தேர்வும் மாறவில்லை, வினாத்தாளும் மாறவில்லை. ஆனால் அந்த வரிசைக்குள்ளும் ஒரு வருடம் வீட்டிலிருந்து படிக்க முடிந்தவரும் முடியாதவரும் சேர்ந்தே நிற்கிறார்கள். முதல் முறையில் சேர்ந்தவர் எத்தனை பேர், மறுமுறையில் எத்தனை பேர் என்று மருத்துவக் கல்வி இயக்ககம் ஒவ்வொரு ஆண்டும் கலந்தாய்வு முடிந்த கையோடு பிரித்து வெளியிட்டால், அடுத்த திருத்தத்தை எந்த இடத்தில் செய்வது என்பது சட்டமன்றத்துக்குத் தெரியவரும்.