நிழலை மட்டும் பாடுவோர்

அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில், ஓக் ஆலி என்னும் பழைய கரும்புத் தோட்டம் உள்ளது. அதைக் கண்டு வந்து பயணக் கட்டுரை எழுதுவோர் பலரும் ஒரே காட்சியில் மயங்கி நின்றுவிடுகின்றனர். பக்கத்துக்குப் பதினான்காக 28 ஓக் மரங்கள், கிளைகளைக் கோத்து, ஏறத்தாழ 800 அடி நீளத்திற்குப் பசும்பந்தல் இட்டிருக்கின்றன. பந்தலின் முடிவில் 28 தூண்கள் சூழ்ந்த மாளிகை.

மயங்குவது பிழையன்று. குளிர்காலத்திலும் பசுமை மாறாத அவ்வகை ஓக், வானோக்கி உயர்வதைவிடப் பக்கவாட்டில் படர்ந்து, முதிர்ந்த கிளையைத் தரைவரை தாழ்த்தும் அழகு தனி. ஆனால் மாளிகை எழுந்தது 1830களின் இறுதியில்; மரங்களோ 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடப்பட்டவை. நட்டவர் பெயர் தெரியவில்லை. முன்பே நின்ற நிழலுக்கு நேரே வீடு கட்டிய தோட்ட உரிமையாளர் ரோமன், மரங்களின் பெருமையையும் தமதாக்கிக்கொண்டார். எழுதுவோரும் அதற்கு உடன்படுகின்றனர்.

தொல்காப்பியர் கருப்பொருளை வகுக்கையில் மரத்தைத் தனியே நிறுத்தவில்லை. உணவோடும் தொழிலோடும் சேர்த்தே வைத்தார். தேர்வுக்காக மனனம் செய்து மறக்கப்படும் அவ்வரிசை, உண்மையில் பயணக் கட்டுரைக்கும் ஏற்ற அளவுகோலாகும். அதனால் அளந்தால், ஓக் மரத்தை மட்டும் பாடும் கட்டுரை குறையுடையதே. அந்நிலத்தின் விளைபொருள் சர்க்கரை. தொழில் கரும்பு வெட்டுதலும் சாறு காய்ச்சுதலும். செய்தோர், விலைக்கு வாங்கி விற்கப்பட்ட கறுப்பின மக்கள்.

அவருள் ஒருவர் அன்டுவான். விதையிலிருந்து முளைக்கும் பீக்கான் மரம் தாய்மரத்தின் இயல்பை அப்படியே பெறுவதில்லை. நல்ல மரத்தின் கொம்பை வேறொன்றில் ஒட்டுக்கட்டி, அவ்வியல்பை 1840களில் நிலைபெறச் செய்தவர் தோட்டக்காரராகிய இவ்வடிமையே. 1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டு விழாக் கண்காட்சியில் அக்கொட்டை பாராட்டுப் பெற்றது. அதற்குச் சூட்டிய பெயரோ 'சென்டெனியல்', அதாவது விழாவின் பெயர். அன்டுவானின் பெயர் எஞ்சியிருப்பது 1848ஆம் ஆண்டின் உடைமைப் பட்டியலில். எதிரே 1,000 டாலர் என்னும் விலையும் உண்டு.

நட்டவர் தெரியாத மரத்துக்குப் பக்கம் பக்கமாகப் புகழுரை. செய்தவர் தெரிந்த மரத்துக்கு ஒரு வரியும் இல்லை. இதனை இடப்பற்றாக்குறை என்று கொள்வதற்கில்லை.

இன்று அத்தோட்டத்தில் அடிமைக் குடிசைகள் மீளக் கட்டப்பட்டு, அங்கு வாழ்ந்தோரின் பெயர்கள் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. அவை இருப்பது மாளிகைக்குப் பின்னே. பந்தலின் கீழ் 800 அடி நடந்தவர்க்கு அது நெடுந்தொலைவன்று.