தேயத் தெரிந்த இரும்பு

சேலம் புறவழிச்சாலை ஓரத்தில் ஒரு வெல்டிங் பட்டறை. வாசலில் ஹிட்டாச்சி பக்கெட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். மஞ்சள் பெயிண்ட் மேல்பக்கத்தில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது; அடிவயிறு முழுக்க வெள்ளிப் பளபளப்பு. கிட்டப் போய்த் தடவிப் பார்த்தேன். பல வருடம் நெல் குத்திய உலக்கையின் பூணைத் தொட்டால் விரலுக்கு ஒரு வழவழப்புத் தெரியுமே, அதேதான். ஒரு மூலையில் மட்டும் தகடு தாள்போல மெலிந்து விளிம்பு நெளிந்திருந்தது. எதிர் மூலை திடமாக இருந்தது.

பட்டறை மேஸ்திரி ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "சரிவுல நின்னு வெட்டுன வண்டி சார். டிரைவர் எப்பவும் இந்த மூலையிலதான் குத்தியிருக்காரு."

ஓட்டியவரின் கைப்பழக்கத்தையும் வெட்டிய நிலத்தின் சாய்வையும் ஒரு பழைய இரும்பிலிருந்து அவர் வாசித்துவிட்டார். கோயில் தூண்களுக்கு முன் நிற்பதுபோல நான் பக்கெட்டுகளுக்கு முன் நிற்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

எந்த நிறுவனம் செய்த மண் வெட்டும் வண்டியானாலும் நம் ஊரில் அது ஹிட்டாச்சி, இல்லையென்றால் பொக்லைன். ஒன்று ஜப்பானிய நிறுவனத்தின் பெயர், மற்றது பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர். ஊர் கூடி வேடிக்கை பார்ப்பது அதன் நீண்ட கையையும் அது சுழலும் வேகத்தையும்தான். மண்ணைத் தொடுகிற பாகத்தை யாரும் பார்ப்பதில்லை. எஞ்சினும் பம்பும் ஹைட்ராலிக் எண்ணெயும் சேர்ந்து உண்டாக்கும் அத்தனை பலமும், கடைசியில் நாலைந்து பற்களின் நுனியில்தான் வந்து நிற்கிறது. அந்த நுனி சரியில்லாவிட்டால் பின்னால் இருக்கும் பலமெல்லாம் டீசல் புகைதான்.

எதிராளி யார் என்று முதலில் பார்க்க வேண்டும். மண் கைக்கு மெத்தென்றிருக்கிறது, குழந்தை அள்ளி விளையாடுகிறது. ஆனால் அதிலிருக்கும் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் அதற்கு 7. இன்னும் நுட்பமான விக்கர்ஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் ஆயிரத்தைத் தொடும். கட்டடத்துக்குப் பயன்படும் சாதாரண இரும்புத் தகடு 150-ஐ ஒட்டி நிற்கும். பக்கெட்டுக்கென்றே செய்யும் உயர்ரகத் தகடுகூட 400, 500 என்ற அளவில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மணல்துகளும் இரும்பைச் சீவும் குட்டி உளி. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே கல்லே ஊர்கிறது, இரும்பு தேய்கிறது.

ஆகவே பக்கெட்டை வடிவமைப்பவர் தோல்வி நிச்சயம் என்று தெரிந்துகொண்டுதான் வரைபலகை முன் உட்கார்கிறார். தேயாத இரும்பு அவரிடம் இல்லை. எது முதலில் தேய வேண்டும், எது கடைசிவரை தேயவே கூடாது, தேய்ந்தாலும் என்ன வடிவில் தேய வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை மட்டும் இருக்கிறது. அந்தத் தீர்மானத்தில்தான் இந்தக் கலையின் அழகெல்லாம்.

நம் வீடுகளுக்கு இது புதிதல்ல. உலக்கை தேயக் கூடாது என்று பூண் போட்டார்கள். குளம்பு தேயக் கூடாது என்று மாட்டுக்கு லாடம் அடித்தார்கள். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா. கலப்பைக்குக் கொழு. மரம் நிலைக்க வேண்டும், இரும்பு தேய்ந்துபோகலாம்; தேய்ந்தால் கொல்லரிடம் போய் வேறு போட்டுக்கொள்ளலாம். பக்கெட்டின் பல்லும் அப்படித்தான். கொழுவும் லாடமும் சேர்ந்த பிறவி அது.

ஒரு பக்கெட்டைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முதுகின் வளைவு ஒரே வட்டத்தின் துண்டுபோலத் தோன்றும். நல்ல பக்கெட்டில் அது அநேகமாக இரண்டு வேறு ஆரங்கள் இழைந்த வளைவாக இருக்கும். காரணம், பக்கெட்டின் குதிகாலான அடிவயிறு. பல் மண்ணில் இறங்கிச் சுழலும்போது, பின்னாலிருக்கும் அடிவயிறு வெட்டிய பள்ளத்தில் உரசாமல் விலகி வர வேண்டும். உரசினால் இரட்டை நட்டம்: வெட்டுவதற்குப் போக வேண்டிய விசை தேய்ப்பதில் போகும், வயிற்றுத் தகடும் மெலியும். மண்வெட்டிக்குக் காம்பு போடுகிறவர் இலைக்கும் காம்புக்கும் இடையிலான கோணத்தைக் கண்ணாலேயே பார்த்துச் சரிசெய்வாரே, அதே விவகாரம்தான். கோணம் தப்பினால் ஒன்று மண்ணில் இறங்காது, இல்லாவிட்டால் இறங்கிய இடத்திலிருந்து வராது.

அடுத்து முன்னால் வந்து நின்று பாருங்கள். வாய் அகலமாகவும் பின்புறம் சற்றுக் குறுகியும் இருக்கும். அந்தச் சிறு சரிவால் பக்கத் தகடுகள் பள்ளத்தின் சுவரில் உராய்வதில்லை. அள்ளிய மண்ணும் கொட்டும்போது தயங்காமல் விழுகிறது. கரிசல் மண்ணுக்கு இது உயிர்நிலை. மழை கண்ட கரிசல், மூலை கண்ட இடத்திலெல்லாம் அப்பிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் கால்வாசியைத் திரும்ப எடுத்துவரும் பக்கெட் நாளெல்லாம் உழைத்தும் முக்கால் கூலிதான் வாங்கும். அதனால் களிமண் பக்கெட்டின் உள்மூலைகள் பானையின் உட்புறம்போல உருண்டிருக்க வேண்டும்.

பல்லுக்கு வருவோம். பக்கெட்டின் உதட்டில் அடாப்டர் என்ற மூக்கைப் பற்றவைத்திருப்பார்கள். பல் உள்ளே குடைவாக வார்த்த எஃகு. மூக்கின் மேல் தொப்பிபோல ஏறி உட்காரும். குறுக்கே ஒரு பின். சுத்தியலால் தட்டினால் இறங்கும், தட்டினால் வெளியே வரும். வயல்வெளியில் நின்றபடியே மாற்றிவிடலாம்.

மண்ணுக்கு அகலமான தட்டைப் பல். பாறைக்குத் தடித்த பல். இறுகிய சுக்கான் கல்லுக்கும் வெடிப்புவிட்ட கருங்கல்லுக்கும் ஒற்றைக் கூர்முனைகொண்ட டைகர் பல். வாய்க்கால் தூர்வாரப் பல்லே இல்லாத அகல வாய். பாறைப் பக்கெட்டில் உதடே நடுவில் துருத்தி மண்வெட்டி முனைபோல இருக்கும். நடுப்பல் முதலில் குத்தி வழிவிட, மற்றவை பின்தொடரும்.

நல்ல பல்லின் உண்மையான அழகு அது பாதி தேய்ந்தபின் தெரியும். புதிதில் எல்லாப் பல்லும் கூர்மைதான். தேயும்போது மேலும் கீழும் ஒரே கணக்கில் மெலிந்து கடைசிவரை கூராகவே இருப்பதுபோல அதன் குறுக்குவெட்டை வரைந்திருக்க வேண்டும். எலியின் முன்பல்லைப் பாருங்கள். முன்பக்கம் கடினமான எனாமல், பின்பக்கம் அதைவிட மென்மையான பல்திசு. பின்பக்கம் சீக்கிரம் தேய்வதால்தான் முன்பக்கம் உளிபோல நிற்கிறது. தேய்மானமே சாணைக்கல்லாகிறது. பக்கெட் பல்லை வரைகிறவர் தேடுவதும் இதையே.

இங்கே ஒரு கண்டிப்பும் வேண்டும். பல் தேய்ந்து ஓட்டை விழும்வரை ஓட்டுகிறவர்கள் உண்டு. ஒரு பல்லின் விலையை மிச்சம்பிடிக்கிறோம் என்று நினைப்பார்கள், மூக்கு தேய்ந்துவிடும். லாடம் தேய்ந்தால் லாடம் மாற்றலாம். குளம்பு தேய்ந்தால் எதை மாற்றுவது?

எந்த எஃகு என்ற கேள்வியில் எனக்கு மிகப் பிடித்த கதை 1882-இல் தொடங்குகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ராபர்ட் ஹாட்ஃபீல்டு என்ற 23 வயது இளைஞர் எஃகில் மாங்கனீஸைக் கூட்டிக்கூட்டிப் பார்த்தார். கொஞ்சம் கூட்டினால் எஃகு நொறுங்கியது. மற்றவர்கள் அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். அவர் மேலும் கூட்டினார். 12 சதவீதத்தை நெருங்கியபோது, நொறுங்கிய அதே உலோகம் அசாத்தியமாகத் தாங்க ஆரம்பித்தது. பிரினெல் என்ற இன்னொரு கடின அளவில் 200-ஐ ஒட்டிய கடினம்தான். ஆனால் பாறையில் மோதி அடிபட அடிபட அதன் மேற்பரப்பு மட்டும் 500 வரை இறுகியது, உள்ளே பழைய இணக்கம் அப்படியே இருந்தது. அடி வாங்கியே தேறும் உலோகம். நீராவியில் ஓடிய மண்வெட்டி இயந்திரங்களின் பல்லுக்கும், கல் உடைக்கும் கிரஷர் தாடைக்கும், ரயில் தண்டவாளங்கள் குறுக்கிடும் இடத்துக்கும் அது போய்ச் சேர்ந்தது.

இந்த வீரனுக்கும் ஒரு பலவீனம் உண்டு. மணலில் மோதல் இல்லை, மென்மையான உரசல் மட்டுமே. அடி விழாததால் அது இறுகுவதில்லை. சாதாரண இரும்புபோலத் தேய்ந்துபோகிறது. எந்த மண் என்று கேட்காமல் எஃகைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

மணலுக்கும் சரளைக்கும் வேறு வழி: தகட்டைச் செந்தணலாகக் காய்ச்சி வேகமாகக் குளிரவைத்து இறுக்குவது. கொல்லர் அரிவாளைத் தோய்ப்பதன் பெரிய உருவம் அது. சுவீடனின் ஹார்டாக்ஸ் தகட்டை இன்று பட்டறைக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். 400, 450, 500 என்று பெயரோடு வரும் எண் அதன் பிரினெல் கடினம். அந்த அளவையைத் தந்த யோஹான் பிரினெலும் சுவீடன்காரர்தான்: ஒரு சிறு குண்டைத் தகட்டில் அழுத்தி, பதியும் குழியின் அகலத்தை அளந்தார்.

அப்படியானால் எல்லா இடத்திலும் 500 போட்டுவிடலாமே? கடினம் ஏற ஏற மோதலைத் தாங்கும் குணம் குறையும். கண்ணாடி கடினமானது, கீழே விழுந்தால் என்ன ஆகிறது? எடையும் உண்டு. 20 டன் வண்டியின் பக்கெட் ஏறக்குறைய ஒரு கன மீட்டர் மண் அள்ளும். கையின் நுனியில் தொங்கும் அதில் கூட்டுகிற ஒவ்வொரு கிலோ இரும்பும், தூக்கக்கூடிய மண்ணில் ஒரு கிலோவைக் குறைக்கிறது. ஆகவே உதட்டில் தடிப்பு, அடிவயிற்றில் கடினம், பக்கங்களில் மெலிவு, வண்டியோடு சேரும் காதுகளில் வளைந்துகொடுக்கும் இரும்பு என்று ஒரே உடம்பில் நான்கு குணங்களைப் பங்கிட வேண்டியிருக்கிறது. சமையலில் உப்பு போடுகிற நிதானம் வேண்டும் இதற்கு.

இனி நான் அதிகம் நேசிக்கும் இடம்: ஹார்டு ஃபேசிங். தேயும் பரப்பின் மேல், குரோமியம் கார்பைடு நிறைந்த கம்பியால் வெல்டர் வரிவரியாகப் பற்றவைப்பார். அந்தக் கார்பைடு துகள்கள் குவார்ட்ஸைவிடக் கடினமானவை. மணலை மணலின் களத்திலேயே எதிர்கொள்வது இங்கே மட்டும்தான். பரப்பு முழுவதையும் மூட வேண்டியதில்லை. கோலம்போல இடைவெளி விட்டுப் போடுவார்கள். அந்தக் கோலம் அலங்காரமல்ல. பெரிய பாறைகளில் வேலை என்றால் வரிகள் பாறை நகரும் திசையிலேயே ஓடும்; தண்டவாளத்தில் வண்டி போவதுபோலப் பாறை வரிகளின் முதுகில் வழுக்கிப் போய்விடும், தகட்டைத் தொடாது. பொடி மணல் என்றால் வரிகள் குறுக்கே. மணல் இரண்டு வரிகளுக்கு நடுவில் போய் அடைந்து அங்கேயே தங்கிவிடும். பிறகு வரும் மணல் தங்கிய மணலின் மேல்தான் உரசும். எதிராளியின் படையையே தன் கேடயமாக்கும் தந்திரம். களியும் மணலும் சரளையும் கலந்த நிலம் என்றால் இரண்டு திசையிலும் வரி, நடுவே கட்டம்.

நல்ல ஹார்டு ஃபேசிங் வரியில் குறுக்கே மயிரிழை விரிசல்கள் வரிசையாக விழும். முதன்முதலாகப் பார்க்கிறவர் வேலை கெட்டுவிட்டது என்று பதறுவார். அந்த இறுக்கமான உலோகம் ஆறிச் சுருங்கும்போது, தன் இழுவிசையைத் தானே அவிழ்த்துக்கொள்ளும் வழி அது. விரிசல் அடித்தகட்டுக்குள் இறங்காதவரை அது ஆரோக்கியத்தின் அடையாளம்.

மணல் எவ்வளவு வலிய வாத்தியார் என்பதை நெய்வேலி காட்டியது. 1957-இல் பழுப்பு நிலக்கரிக்காக அங்கே சுரங்கப் பணி தொடங்கியது. ராட்சதச் சக்கரத்தைச் சுற்றிலும் பக்கெட்டுகள் பூட்டிய ஜெர்மானிய இயந்திரங்கள் வந்தன. அவற்றின் தாயகத்தில் நிலக்கரியின் மேல் கிடப்பது பெரும்பாலும் இளகிய மணலும் களியும். நெய்வேலியிலோ மேலே கிடந்தது இறுகிய கடலூர் மணற்கல். பற்கள் வேகவேகமாகத் தேய்ந்தன. அந்த மண்ணோடு பேசி வழிகண்டுபிடிக்க வேண்டியிருந்தது: மணற்கல்லை முதலில் வெடிவைத்துத் தளர்த்தி, பிறகு சக்கரத்தை இறக்குவது, பற்களுக்கு ஏற்ற உலோகத்தையும் கவசத்தையும் தேடுவது. இன்று அங்கே 1,400 லிட்டர் பக்கெட்டுகளுடன் சக்கரங்கள் சுழல்கின்றன. ஒரு தேசத்து மண்ணுக்கு வரைந்த பல், இன்னொரு தேசத்து மண்ணுக்குப் பாடம் படித்துத்தான் ஆக வேண்டும்.

இப்போது கணினியிலேயே மண்ணைத் துகள்துகளாக உருவாக்கி, பக்கெட்டை ஓட்டி, எங்கே உரசல் அதிகம் என்று வண்ணத்தில் பார்க்கிறார்கள். கண்டால், ஸ்ட்ராக் என்ற இருவர் 1979-இல் வெளியிட்ட கணக்குமுறை அதற்கு அடிப்படை. அந்தப் படத்தில் சிவப்பாகத் தெரியும் இடமும், பட்டறை மேஸ்திரி விரலால் தொட்டுக் காட்டும் இடமும் ஒன்றாக இருக்கும்போது எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

வரைந்தவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் கடைசியில் வெல்டரின் கையில்தான் எல்லாம். ஈரம் ஏறிய வெல்டிங் ராடில் பற்றவைத்தால், அந்த ஈரத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜன் இறுகிய எஃகுக்குள் புகுந்துகொள்ளும். அன்று மாலை ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் விரிசல் விட்டிருக்கும். அதனால் நல்ல வெல்டர் 7018 என்ற ரக ராடுகளை அடுப்பில் சுடவைத்து, சூடு ஆறாமல் ஒவ்வொன்றாக எடுப்பார். ஹார்டாக்ஸ் தகட்டை அளவுக்கு மேல் சூடாக்கினால் அதன் தோய்ச்சல் போய்விடும் என்று சூட்டைப் பார்த்துப் பார்த்து வேலை செய்வார். மூலைகளில் வெல்டைத் தொடங்கவும் மாட்டார், முடிக்கவும் மாட்டார். விரிசல் பிறப்பது அங்கேதான் என்று அவருக்குத் தெரியும். பெயிண்ட் அடித்தபின் இந்தப் பொறுமை எதுவும் வெளியே தெரியாது.

மேஸ்திரி அன்று தேய்ந்த பல் ஒன்றை எனக்குக் கொடுத்தார். என் மேசைமேல் காகிதங்களுக்குப் பாரமாக இருக்கிறது. பாதிக்கு மேல் போய்விட்டது. நுனி இன்னும் கூர்தான். எந்த ஊரில் வேலை என்று கேட்டபோது, ஓர் ஏரியைத் தூர்வாரிக் கரை போட்டதாகச் சொன்னார். இந்தப் பல்லில் குறைந்திருக்கும் இரும்பு வேறெங்கும் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத பொடியாக அந்தக் கரை மண்ணுக்குள் கலந்து, தண்ணீரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.