நாணயம் இழந்த சொல்: சோவின் துக்ளக்கும் வரலாற்றின் துக்ளக்கும்

‘துக்ளக் தர்பார்’ என்ற தொடர் தமிழில் நிலைத்த வழக்காகிவிட்டது. தில்லி சுல்தானின் பெயரைத் தமிழக வீடுகள்தோறும் கொண்டுசேர்த்தது, 1968இல் மேடையேறி 1971இல் திரைப்படமான சோ ராமசாமியின் ‘முகம்மது பின் துக்ளக்’. 1970இல் அவர் தொடங்கிய இதழும் அப்பெயரையே சூடிக்கொண்டது. தமிழ் அரசியல் அங்கதத்தின் உச்சங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் இப்படைப்பை, அது கையாண்ட வரலாற்றோடு ஒப்பிட்டு மதிப்பிட வேண்டிய கடமை நமக்குண்டு.

புதைகுழியிலிருந்து உயிரோடு எழுந்தவர்களாக அறிவிக்கப்படும் துக்ளக்கும் இப்னு பதூதாவும் இக்கால இந்திய அரசியலில் நுழைகின்றனர். துக்ளக் பிரதமராகிறான், பாரசீகத்தை ஆட்சிமொழியாக்குகிறான், கட்சி மாறி வருவோருக்குத் துணைப் பிரதமர் பதவியை வாரி வழங்குகிறான். 1965 மொழிப் போராட்டத்தையும், 1967 தேர்தலுக்குப் பின் பெருகிய கட்சித் தாவலையும் கண்டிருந்த பார்வையாளர்களுக்கு அச்சிரிப்பின் இலக்கு விளங்காமலிருக்க வழியில்லை. இறுதியில் இருவருமே வேடதாரிகள் என்பது தெரியவருகிறது. உண்மையை வெளியிட முனையும் பதூதா வீழ்கிறான், பொய்யன் நிலைக்கிறான். ஆட்சிபீடத்திலிருந்து சொல்லப்படுவதாலேயே ஒரு சொல் நம்பப்படுகிறது என்ற இக்கசப்பான முடிவே நாடகத்தின் உண்மையான வலிமை.

ஆயினும் அங்கதம் தனக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. 1330ஐ ஒட்டி முகம்மது பின் துக்ளக் வெள்ளிக்கு ஈடாகச் செப்பு, பித்தளைக் காசுகளை வெளியிட்டார். சுல்தானுக்குக் கீழ்ப்படிவது இறைவனுக்குக் கீழ்ப்படிவதே என்னும் கருத்துப்பட அவற்றில் வாசகம் பொறிக்கப்பட்டது. அக்காசே அரசின் செய்தித் தொடர்பாளர் எனலாம். கள்ளக் காசுகள் பெருகின. மக்கள் நம்பிக்கை சரிந்தது. அப்போது சுல்தான் செய்தது என்ன? செப்பைப் பெற்றுக்கொண்டு கருவூலத்திலிருந்து பொன்னும் வெள்ளியும் வழங்க ஆணையிட்டார். கொடுத்த வாக்கின் பெறுமதியை, பெருநட்டத்தோடு, அரசே ஈடு செய்தது. கோமாளி மன்னனாக நாம் சிரிக்கப் பழகிய அந்த ஆட்சியாளரிடமிருந்த இப்பண்பு, அவர் பெயரால் எள்ளப்பட்ட இக்கால ஆட்சியாளர்களிடம் எத்தனை பேருக்கு உண்டு? அவருடைய தண்டனைகளின் கொடுமையை மறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. முழு வரலாறு அங்கதத்தை மேலும் கூர்மையாக்கியிருக்கும் என்பதே நம் வாதம்.

இவ்வரலாறு நமக்கு யார் வழியாக வந்தது? ஹதீஸ் கலை வல்லுநர்கள் அறிவிப்பாளரை ஜரஹ்-தஃதீல் என்னும் உரைகல்லில் தேய்த்துப் பார்த்தனர். நேர்மை, நினைவின் துல்லியம் ஆகிய இரண்டும் நிறுவப்படாதவரின் சொல் ஏற்கப்படவில்லை. இவ்வளவுகோலில் ஸியாவுத்தீன் பரனீ தடுமாறுகிறார். சுல்தானின் அவையில் பதினேழு ஆண்டுகள் அணுக்கராக இருந்தவர், ஆட்சி மாறிய பின்னரே குறைகளை எழுதினார். செல்வத்தின் ஆசையாலும் உயிரச்சத்தாலும் தாமும் தம்மையொத்த கற்றோரும் உண்மையை உரைக்கத் தவறியதாக அவரே வருந்துகிறார். அரசவைப் பேச்சாளர்கள் பற்றிய இதைவிடக் கடுமையான விமர்சனம் எந்த நாடகத்திலும் இல்லை. தில்லியில் காஜியாகப் பணியாற்றிய இப்னு பதூதாவோ, மொரோக்கோ திரும்பிய பின் சுல்தானின் கொடையையும் கொலையையும் ஒருசேரப் பதிவு செய்தார். நம் பாண்டிய நாட்டில், மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி தமக்கு மணவழி உறவினராக இருந்தும், அவர் கைதிகளின் பெண்டு பிள்ளைகளைக் கொன்ற கொடுமையை வெறுப்போடு எழுதினார். உறவும் சமயமும் அவர் சாட்சியத்தை வளைக்கவில்லை.

இவ்வுரைகல் இன்றும் தேவை. 2003 ஏப்ரலில், அமெரிக்கப் படை பாக்தாதுக்குள் நுழைந்துவிட்ட நிலையிலும் அதை மறுத்துக்கொண்டிருந்த ஈராக் தகவல் அமைச்சர் ஸஹ்ஹாஃபைக் கண்டு உலகம் சிரித்தது. அவர் பொய்யை வெகுவிரைவில் பீரங்கி வண்டிகளே அம்பலமாக்கின. ஆனால் அதே ஆண்டு பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் காலின் பவல் பேரழிவு ஆயுதங்கள் பற்றி நிதானமான குரலில் விவரித்தபோது அவ்வாறு சிரித்தவர் எத்தனை பேர்? அத்தகைய ஆயுதக் குவியல் இல்லையென அமெரிக்காவின் ஆய்வுக் குழுவே 2004இல் அறிவித்தது. அவ்வுரை தம் வாழ்வின் கறை எனப் பவல் 2005இல் ஒப்புக்கொண்டார். தோற்றவனின் பொய் நகைப்பாயிற்று. வென்றவனின் பொய் போராயிற்று. செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் அல்ஹுஜுராத் அத்தியாயமே (49:6), ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை எள்ளுவதையும் (49:11) தடுப்பது எண்ணத்தக்கது. வலியோரை விட்டு வீழ்ந்தோரை மட்டும் எள்ளும் அங்கதம் அதிகாரத்தின் ஊழியமே.

வலியோரை எள்ளுவதற்கு விலை உண்டு. 1987இல் சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கேலி செய்த அட்டைப்பட நகைச்சுவைக்காக ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டப்பேரவை மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு வலுக்கவே அவர் சில நாட்களில் விடுவிக்கப்பட்டார். அவையின் மாண்பை அத்தண்டனை உயர்த்தவில்லை. அந்நகைச்சுவைக்கே நிலைபேறு தந்தது.

தமிழில் நாணயம் என்ற சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். சாக்கோட்டை, காரைக்குடி வட்டாரத்து வணிகர்கள் எழுதிக்கொடுத்த உண்டியல் கடல் கடந்து பர்மாவிலும் மலேயாவிலும் செல்லுபடியானதற்கு அடிப்படை இந்த இரண்டாம் பொருளே. துக்ளக்கின் செப்புக் காசும் இதையே உணர்த்துகிறது: அரசு தன் முத்திரையை எதன்மீதும் பொறிக்கலாம், அதன் மதிப்பை முடிவு செய்வோர் மக்களே.