வெள்ளவத்தையின் இரண்டாம் எழுத்து

கொழும்பின் வெள்ளவத்தை என்ற இடப்பெயரின் இரண்டாம் எழுத்து எது? தமிழ் வாசிக்கத் தெரிந்த எவரும் ‘ள்’ என்பார். குறுக்கெழுத்துக் கட்டங்களில் இட்டாலும் வெ, ள், ள, வ, த், தை என ஆறு கட்டத்தில் அடங்கிவிடும். அதே பெயரைப் பைத்தன் மொழியில் சரமாகக் கொடுத்து நீளம் கேட்டால் 10 என்கிறது. கொட்டாஞ்சேனைக்கும் ஆறே எழுத்து, விடையோ 12. எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்குவதால் இரண்டாம் இடத்துக்குரிய சுட்டெண் 1. அதைக் கேட்டால் வந்து நிற்பது, வகரத்தை இழந்த வெறுங்கொம்பு.

பைத்தன் எண்ணுவது எழுத்தை அல்ல, யுனிகோட் குறிகளை. இதற்காக யுனிகோட்டைக் குறைசொல்வது நியாயமில்லை. கை கொம்பை முதலில் எழுதினாலும் யுனிகோட் வகரத்தை முன்னும் கொம்பைப் பின்னும் வைக்கிறது. உயிர்மெய்யில் மெய் முந்தி, உயிர் பிந்தி என்ற தொல்காப்பிய இலக்கணத்துக்கு ஒத்த வரிசை இது, அழகான வரிசை. இலங்கை அச்சகங்கள் பழகிய பாமினி எழுத்துரு கண்ணைப் பின்பற்றிக் கொம்பை முன்னே போட்டது. அதனால் அகரவரிசைப்படுத்தல் குழம்பியது. ஒன்றில் மட்டும் யுனிகோட் இலக்கணத்துக்கு மாறாகப் போகிறது: அகரமேறிய ‘ள’வை அடிப்படையாக்கிப் புள்ளியைத் தனிக்குறியாக்கியதால், தனிமெய்க்கு இரண்டு இடம், அகர உயிர்மெய்க்கு ஒன்று. ஆனாலும் சேமிப்பில் ஒழுங்கு இருக்கிறது. சேமித்த குறியை எழுத்தென்று வாசகரிடம் நீட்டலாமா என்பதுதான் கேள்வி.

ஆப்பிள் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ஸ்விஃப்ட் மொழி இங்கேதான் மனத்தைக் கவர்கிறது. வாசகர் ஒன்றாகக் காணும் குறித்தொகுதியே அதில் எழுத்து. வெள்ளவத்தைக்கு விடை 6. வெறும் எண்ணைச் சுட்டாகக் கொடுத்தால் அது ஏற்காது. தொடக்கத்திலிருந்து எழுத்தெழுத்தாக நடந்தே இடத்தை அடையவேண்டும். வேகம் குறையும் என்பார்கள். குறையும்தான். எழுத்துகளின் உள்நீளம் ஒன்றுபோல் இல்லாதபோது ஒரே தாவலில் போய்ச்சேர முடியாது. அந்த உண்மையை மறைக்காததே இந்த வடிவமைப்பின் நேர்மை. பைட்டு வேண்டுவோருக்குத் தனிவழியும் உண்டு.

247 எழுத்துக்கும் தனித்தனிக் குறி கொடுத்தால் தொல்லை தீருமே என்பது அடுத்த வாதம். தமிழ்நாட்டு அரசு 2010இல் மாற்றுக் குறிமுறையாக ஏற்ற டேஸ் 16 அந்த வழியில் சென்றது. தமிழ் மட்டுமே உள்ள கோப்புக்கு அது பொருந்தலாம். கொழும்பின் பெயர்ப்பலகையிலோ மூன்று மொழிகள் நிற்கின்றன. சிங்கள ‘ஸ்ரீ’ கண்ணுக்கு ஒரே உருவம். உள்ளே ஐந்து குறி, அவற்றில் ஒன்று கண்ணுக்கே தெரியாத இணைப்பான். ஆகவே எழுத்துப் பிரிக்கும் விதி சரத்தோடு வரவேண்டும். தமிழ் ‘ஸ்ரீ’யிடம் அந்த விதியும் கண்ணோடு முரண்படுகிறது: ஓருருவாக அச்சாகும் அதை ஸ், ரீ என இரண்டாக எண்ணுகிறது. கண் ஒன்றென்கிறது, காது இரண்டென்கிறது. இந்த இடத்தில் நான் காதின் பக்கம்.