குத்துச்சண்டை வீரனும் இசைநாடக அரங்கும்

விளையாட்டு வீரனொருவனின் வரலாற்றை இசைநாடகமாக்குவோர்க்கு முதற்கண் நேரும் இடர்ப்பாடு காலத்தைப் பற்றியது. குத்துச்சண்டையில் ஓர் அடி கண்ணிமைக்கும் பொழுதில் விழுந்துவிடும்; பாட்டோ நின்று விரிவது. மூச்சிரைக்கப் பொருதுபவன் பாடல் இயலாது. ரெறன்ஸ் பிளான்சாட் இசையமைத்து, மைக்கேல் கிறிஸ்ரோபர் உரையாத்த 'சாம்பியன்' இவ்விடர்ப்பாட்டை வென்றதா என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

கதைத்தலைவன் எமில் கிறிபித். 1938இல் வேர்ஜின் தீவுகளிற் பிறந்து, நியூயோர்க்கில் தொப்பித் தொழிற்சாலையொன்றில் வேலைசெய்து, பின் உலக வெற்றிவீரனானவன். 1962 மார்ச் 24இல் கியூபா நாட்டவனாகிய பெனி பரெற்றை எதிர்த்தான். சண்டைக்கு முன் நிறை பார்க்கும் வேளையில், ஆண்மகன் ஆண்மகனை விரும்புதலைச் சுட்டும் இழிசொல்லால் பரெற் அவனை ஏசினான். பன்னிரண்டாஞ் சுற்றிற் சாய்ந்த பரெற் நினைவு மீளாமலே பத்தாம் நாள் இறந்தான். பட்டமும் பழியும் ஒருங்கே கிறிபித்தை அடைந்தன.

இந்நாடகம் 2013இல் சென் லூயிஸ் நகரில் அரங்கேறிய சில வாரங்களில் கிறிபித் காலமானார். 2023இல் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அரங்கிலும் ஜேம்ஸ் றொபின்சனே இதனை நெறிப்படுத்தினார். அதனை ஒளிப்பதிவிலேயே யாம் கண்டோம்.

நாடகம் சண்டைக்களத்தில் தொடங்கவில்லை. நினைவு தடுமாறும் முதியவனொருவன் தன் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு அது எங்கே இருக்கவேண்டியது என அறியாது மயங்குகின்றான். இச்சிறு செயலில் விளைந்த அவலம் எந்தக் குத்திலும் விளையவில்லை. சிறுவன், இளைஞன், முதியவன் என ஒருவனே மூவராக மேடையில் உலாவுகின்றான். முதியவனாக எறிக் ஓவன்சும் இளைஞனாக றையன் ஸ்பீடோ கிறீனும் பாடினர். இருவரும் தாழ்ந்த குரலினராதலின் ஒருவனது குரலே முதிர்ந்ததுபோலச் செவிக்குப்பட்டது. உடல் செய்ததை நினைவு பாடுகின்றது என்னும் இவ்வமைப்பே மேற்கூறிய இடர்ப்பாட்டுக்கு விடையாயிற்று. இறுதிச் சுற்றின் அடிகளை மெதுவசைவிற் காட்டியதும் இதனோடு இயைந்ததே: மெய்யான வேகத்தைப் போலச்செய்ய முயன்றிருப்பின் அது வெறும் பாவனையாய் முடிந்திருக்கும்.

இழிசொல் கேட்ட இளைஞன் தனித்து நின்று, ஆணை ஆணாக்குவது யாது என வினவும் பாடல் நாடகத்தின் உச்சம் எனலாம். ஆயின் இரண்டாம் அங்கம் தளர்கின்றது. திருமணம், தோல்விகள், மதுச்சாலை எனச் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாய் அடுக்கப்படுகின்றன. வரலாற்றில் நிகழ்ந்தன யாவும் மேடைக்கு உரியன அல்ல. விழாக்கோல ஆடல்கள் கண்ணுக்கு விருந்தாயினும் கதையை நகர்த்தவில்லை.

எனினும் இறுதிக் காட்சிக்காக இக்குறைகளைப் பொறுக்கலாம். முதியவன் பரெற்றின் மகனைச் சந்தித்து மன்னிப்பு வேண்டுகின்றான். இச்சந்திப்பு மெய்யாகவே நிகழ்ந்து, 2005இல் வெளிவந்த ஆவணப்படமொன்றில் இடம்பெற்றது. மேடையிலோ தந்தையாகப் பாடியவரே மகனாகவும் வருகின்றார். எதிரே நிற்பவன் இறந்தவனோ, அவன் மகனோ எனக் கிழவன் மயங்குகின்றான். ஒரு கணம் நாமும் மயங்குகின்றோம்.