வளையம் பூண்ட கிரகங்கள்

ஒரகடத்துத் தொழிற்சாலை விளக்குகள் நட்சத்திரங்களைப் பெரும்பாலும் மறைத்துவிடுகின்ற இரவுகளில், ஷிப்டு முடிந்து அறைக்குத் திரும்புகிறவனுக்கு ஆகாய தரிசனம் கிட்டும் வாயில்களுள் ஒன்று, 2014இல் வெளிவந்த ‘எலைட் டேஞ்சரஸ்’ என்னும் கணினி விளையாட்டு. தொலைவில் பட்டுச்சேலைக் கரைபோல் வழவழப்பாய்த் தோன்றும் கிரக வளையம், நாம் ஓட்டும் விண்கலம் நெருங்க நெருங்கத் தனித்தனிப் பாறைகளாய்ப் பிரிந்து, ஒவ்வொன்றும் மெல்லச் சுழன்று, கிரகத்தின் நிழல் விழுந்த எல்லையில் இருளுக்குள் மறைகின்ற காட்சிக்கு ஈடாக அவ்விளையாட்டில் வேறொன்றை நான் சொல்லமாட்டேன். இது வெறும் அலங்காரமன்று. சுமார் 2,80,000 கிலோமீட்டர் அகன்ற சனியின் மெய்யான வளையங்களும் எண்ணற்ற பனிக்கட்டித் துண்டுகளின் கூட்டமே.

யுரேனஸின் வளையங்களோ கரியவை, மெலிந்தவை. 1977 மார்ச் 10 அன்று அக்கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்க நெருங்கியபோது, அதற்கு முன்பே அந்நட்சத்திரத்தின் ஒளி கணநேரம் மங்கி மங்கி மீண்டதை அமெரிக்க விமானத் தொலைநோக்கி ஒன்று கண்டதனால் அவை வெளிப்பட்டன; அதே இரவில் நம் ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்தின் 1 மீட்டர் தொலைநோக்கியும் அத்தகைய மங்கலைப் பதிவு செய்தது. திரையில் வளையங்களை ரசிக்கும் ஒரகடத்து நண்பர்களே, பார்வையாளர் நாளை விசாரித்துக்கொண்டு, வாணியம்பாடி வழியாக ஒருமுறை காவலூருக்கும் போய் வாருங்கள்.