கிரேத்தாவின் களைப்பு

பிராக் நகரில் வாழ்ந்து ஜெர்மன் மொழியில் எழுதிய பிரான்ஸ் காஃப்காவின் ‘உருமாற்றம்’ என்னும் குறுநாவல் 1915இல் வெளிவந்தது. ஒருநாள் காலையில் பூச்சியாய் மாறிக் கிடக்கும் கிரிகோர் சாம்சாவின் அவலத்தையே திறனாய்வாளர் பலரும் பேசியுள்ளனர். தனிமனிதன் அந்நியமாதல், தந்தையின் அடக்குமுறை என அவர்கள் கூறுவன யாவும் பொருந்துவனவே. எனினும், வீட்டில் நோயாளி ஒருவரைப் பேணி வருபவர் இக்கதையைப் படித்தால், அவருடைய கண் கிரிகோரின் தங்கை கிரேத்தாமீதே நிலைக்கும்.

பதினேழு வயதுப் பெண் அவள். பெற்றோர் அறைக்குள் நுழையவே அஞ்சி நிற்க, அவளே பாலும் ரொட்டியும் கொண்டுவந்து வைக்கிறாள். அவன் அதை உண்ணவில்லை எனக் கண்டதும், அவனுக்கு எது பிடிக்கும் என்றறியப் பலவகை உணவுகளைப் பழைய செய்தித்தாளில் பரப்பி வைக்கிறாள். தன் முன் உண்ணக் கூசுவான் என்றெண்ணி வெளியேறிக் கதவையும் பூட்டிக்கொள்கிறாள். பணிவிடைக்கு இதைவிட நுண்ணிய இலக்கணம் உண்டோ? ஆனால், கதை முடியும் தறுவாயில், இதை எப்படியேனும் தொலைத்தாக வேண்டும் என்று முதற்குரல் எழுப்புபவளும் அவளே. அவ்வுயிரின் முன் அண்ணன் பெயரைச் சொல்லவும் மறுக்கிறாள்.

அவள் அன்பு பொய்யாயிற்று என்று தீர்ப்பளிப்பது எளிது. காஃப்கா காட்டுவது அதுவன்று. பகலில் கடையில் விற்பனைப் பணி; மாலையில் சுருக்கெழுத்தும் பிரெஞ்சும் கற்றல். இடையே, கைக்குக் கிடைத்த உணவைக் காலால் அறைக்குள் தள்ளிவிட்டு ஓடுகிறாள். சுவர்களில் அழுக்கு வரிவரியாய்ப் படிகிறது. வெறுப்பு ஒரே நாளில் வந்துவிடவில்லை. களைப்பே அதற்கு வழி திறந்தது.

கதையின் திறவுகோலாய் நான் கருதுவது ஒரு சிறு நிகழ்ச்சியை. தாய் ஒருநாள் வாளி வாளியாய் நீரூற்றி அவ்வறையைக் கழுவுகிறாள். கிரேத்தா மகிழவில்லை, தன் உரிமை பறிபோனதெனப் புண்பட்டு அழுகிறாள். தன்னால் செய்ய இயலாமற்போனதைப் பிறர் செய்யவும் அவளுக்குப் பொறுக்கவில்லை. ‘இவரைப் பார்த்துக்கொள்ள எனக்கு மட்டுமே தெரியும்’ என்னும் எண்ணம், பேணுவோரைத் தாக்கும் இரண்டாவது நோய்.

ஆயினும், பழி அவளுடையது மட்டுமன்று. ஊர் ஊராய்ச் சுற்றும் விற்பனையாளனாய் ஐந்தாண்டுகள் உழைத்துத் தந்தையின் கடனையும் குடும்பத்தையும் சுமந்தவன் கிரிகோர். முதலில் அதை நன்றியோடு ஏற்ற குடும்பம், பின்னர் வழக்கமாக்கிக்கொண்டது. அவன் விழுந்ததும் அவனைப் பேணும் சுமை தங்கையின் தோளுக்கு மாறியது. எல்லாவற்றையும் ஒருவர்மீதே ஏற்றுவது அவ்வீட்டின் பழக்கம். மகன் மறைந்தபின், வளர்ந்து நிற்கும் மகளுக்கு நல்ல கணவனைத் தேடவேண்டுமெனப் பெற்றோர் எண்ணுவதோடு கதை முடிகிறது. அதைப் புதுவாழ்வின் விடியல் என்பர் சிலர். எனக்கோ, அடுத்த தோளைத் தேடும் முயற்சியாகவே தோன்றுகிறது.

குறையொன்றும் உண்டு. கிரிகோர் சாகும்வரை கதை அவன் உள்ளத்தின் வழியாகவே நகர்வதால், கிரேத்தாவின் மனத்தை அவள் செயல்களைக் கொண்டே உய்த்துணர வேண்டியிருக்கிறது. பேணுபவரின் உள்ளம் எவர்க்கும் தெரியாமற்போவதே அவர் நிலை என்பதால், இக்குறையும் ஒருவகையில் உண்மையாகிறது.

நம் முன்னோர் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டனர். சுமந்து வருபவர், இறக்கிவிட ஆளில்லாதபோதும், சுமையை வைத்து இளைப்பாறட்டும் என்பதற்காக. சாம்சா வீட்டில் சுமந்தவர் இருந்தனர், சுமைதாங்கி இல்லை. நம் வீடுகளில் பக்கவாதத்தில் கிடக்கும் தந்தையையோ நினைவிழந்த தாயையோ பெரும்பாலும் ஒரு மகளோ மருமகளோதான் பேணுகிறாள். தியாகி என்று அவளைப் போற்றிவிட்டு நாம் விலகிக்கொள்கிறோம். போற்றுதல் அவளுக்கு ஓர் இரவுத் தூக்கத்தையும் தருவதில்லை. வாரத்தில் ஒரு நாளேனும் அப்பணியைப் பிறர் ஏற்கட்டும். ஏற்க வருபவர் கழுவுவது தன் கைக்கு இசைந்தபடி இல்லாவிடினும், அறைச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு அவளும் சற்றே உறங்கட்டும்.